விண்கலத்தின் நூலும் உரையும்

பலர் கூடி இயற்றும் தொழில் எதுவாயினும் அதற்குப் பொதுவானதோர் ஒழுங்கு இன்றியமையாதது. கரைவலை இழுப்பார் நாற்பதின்மர் ஆயினும், அவர்தம் கைகளை ஒருசேர இயக்கும் பாட்டு ஒன்றே. அப்பாட்டு எவ்விடத்து உயரும், எவ்விடத்துத் தாழும் என்பதை முன்னிற்பாரும் பின்னிற்பாரும் ஒருபடித்தாய் அறிந்திருப்பதனாலன்றோ வலை கரையேறுகின்றது? முன்பின் அறியாத ஒருவர் வந்து அவ்வடத்தைப் பற்றினும் தவறில்லை. பாட்டை அறிந்திருந்தாற் போதும்.

இவ்வுண்மை கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. விண்வெளியில் உலவும் கலங்களுக்கும் உரியது. ஒரு விண்கலத்தின் உறுப்புக்கள் யாவும் ஓரிடத்துப் பிறப்பனவல்ல. பல ஊர்களில், சிற்சில பொழுது பல நாடுகளில், ஒருவரை ஒருவர் கண்டறியாதார் கைகளாற் செய்யப்பட்டு, ஈற்றில் ஒரு கூட்டுக்குள் வந்து சேர்கின்றன. சேர்ந்தபின் அவை தம்முள் பேசவேண்டும். பேசியதைப் பிழையின்றி உணரவும் வேண்டும். இதன்பொருட்டு அறிஞர் வகுத்துள்ள பொது மென்பொருட் சட்டகங்களைப் பற்றியும், அவற்றை எண்ணுந்தோறும் தமிழ் பயிலும் என் உள்ளத்து எழும் கருத்துக்கள் சிலவற்றைப் பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கணம் கற்பானுக்கு இயந்திரத்தோடு என்ன உறவு எனச் சிலர் வினவக்கூடும். அவ்வினாவை என் இல்லத்தாரே பலமுறை வினவியுள்ளனர். அதற்குரிய விடை இக்கட்டுரையிலேயே கிடைக்குமென நம்புகின்றேன்.

விண்கலம் புறத்தே நோக்குவார்க்கு ஒரு பொருள்; அகத்தே புகுந்து நோக்குவார்க்கோ ஒரு சிற்றூர். ஞாயிற்றின் ஒளியை மின்னாக்கிச் சேமித்துப் பகிர்ந்தளிக்கும் உறுப்பு ஒன்று. விண்மீன்களைப் படமெடுத்து, கலம் எத்திசை நோக்கியுள்ளது என்று அறிந்துரைக்கும் உறுப்பு ஒன்று. அத்திசையைத் திருத்துவதற்குச் சுழல்வன சில. நிலவுலகோடு வானொலி வழியே பேசுவது ஒன்று. கலம் எதன்பொருட்டு ஏவப்பட்டதோ அவ்வாராய்ச்சியைச் செய்யும் கருவிகள் சில. இவற்றுட் பலவற்றிற்குத் தனித்தனியே சிறு கணினிகள் உண்டு. இவை அனைத்தையும் தொகுத்து ‘ஏவியானிக்ஸ்’ என்பர். ஓர் உயிரின் உடலில் எலும்பும் தசையும் ஒருபாலாக, மூளையும் நரம்பும் ஐம்பொறியும் ஒருபாலாக எண்ணின், ஏவியானிக்ஸ் என்பது பிற்கூறியதாம்.

நரம்பாகிய கம்பிகளுக்கும் விதிகள் உள. 1973-ஆம் ஆண்டில் அமெரிக்கப் போர் விமானங்களின் பொருட்டுப் பிறந்த ‘மில்-ஸ்டாண்டர்டு 1553’ என்னும் முறை பின்னர் விண்கலங்களிலும் குடிபுகுந்தது. அதன்கண் தலைமை பூண்டது ஒன்றே. அது வினவினாலன்றி ஏனைய உறுப்புக்கள் வாய்திறவா. அங்ஙனம் வினவப்படுவன 31 வரை இருக்கலாம். நொடிக்குப் பத்து இலக்கம் பிட்டுகள் அக்கம்பியிற் செல்லும். ஆசிரியர் பெயர் சொல்லி வினவ, அம்மாணவன் மட்டும் எழுந்து விடை கூறும் வகுப்பறை போன்றது அது. இக்காலத்துக் கருவிகள் அனுப்பும் செய்திப் பெருக்கிற்கு அவ்வேகம் போதாமையின், அதனினும் விரைவுடைய ‘ஸ்பேஸ்வயர்’ என்னும் முறை ஐரோப்பாவில் வகுக்கப்பெற்று, 2003-ஆம் ஆண்டில் தரவிதியாக வெளியாயிற்று.

தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களாக நடக்கின்றது. விண்கலத்தின் பேச்சையும் யான் அம்முறையிலேயே வகுத்துக் காண்கின்றேன். கம்பியில் மின்துடிப்பு எங்ஙனம் செல்லவேண்டும் என்பது எழுத்து. அத்துடிப்புக்கள் கூடி எவ்வடிவிற் செய்தியாக வேண்டும், அது யாரிடம் சேரவேண்டும் என்பது சொல். அச்செய்தி எதனைக் குறிக்கின்றது என்பது பொருள். எழுத்தின் விதிகளை மேலே கண்டோம். இனிச் சொல்லின் விதிகளைக் காண்போம்.

முற்காலத்தில் ஒவ்வொரு விண்கலத்திற்கும் அதற்கென்றே நிரல் எழுதுவர். அன்றேல், முந்தைய கலத்தின் நிரலைப் படியெடுத்து, வேண்டியவாறு வெட்டியும் ஒட்டியும் திருத்துவர். இரண்டும் இடருடையனவே. புதிதாக எழுதின் காலமும் பொருளும் பெருகும். படியெடுத்துத் திருத்தினோ, எது கலத்திற்கே உரியது, எது எல்லாக் கலங்களுக்கும் பொதுவானது என்னும் வேறுபாடு மறைந்துபோம். ஒரு சிறு மாற்றம் செய்தாலும் நிரல் முழுவதையும் மீண்டும் சோதிக்கவேண்டி வரும். இக்குறையை நீக்கவே, மேரிலாந்திலுள்ள நாசாவின் காடர்டு விண்பறப்பு மையத்தார், பொதுவானதை ஒருபாலும் சிறப்பானதை ஒருபாலும் பிரித்து, ‘கோர் ஃப்ளைட் சிஸ்டம்’ என்னும் சட்டகத்தை அமைத்தனர். அதனைச் சுருக்கமாக சி.எஃப்.எஸ். என்பர்.

அது நான்கு அடுக்குக்களை உடையது. அடித்தளத்தில் உள்ளது குறித்த கணினிக்கே உரிய பகுதி. அதன்மேல், இயங்குதளங்களின் வேறுபாட்டை மறைக்கும் ஓர் அடுக்கு. லினக்ஸ் ஆயினும், வி.எக்ஸ்.வொர்க்ஸ் ஆயினும், ஆர்டெம்ஸ் ஆயினும், மேலுள்ளாரை நோக்கி இவ்வடுக்கு ஒரே முகம் காட்டும். மூன்றாவது அடுக்கே சட்டகத்தின் நெஞ்சு. அது ஐந்து தொண்டுகளைச் செய்கின்றது: நிரல்களைத் தொடங்கியும் நிறுத்தியும் காத்தல், நிகழ்ந்தவற்றை அறிவித்தல், செய்திகளைக் கொண்டுசேர்த்தல், மாறக்கூடிய அளவைகளை அட்டவணையாக வைத்துப் பேணுதல், எல்லோர்க்கும் பொதுவாகக் காலம் உரைத்தல். நான்காவதாகிய மேலடுக்கிற் பணிநிரல்கள் உள்ளன. அவற்றுள்ளும் எல்லாக் கலங்களுக்கும் வேண்டப்படும் சில, முன்பே எழுதப்பெற்றுக் கைக்கொள்ள அணியமாய் உள்ளன. அளவைகள் வரம்பு கடக்கின்றனவா என நோக்குவது ஒன்று. கோப்புக்களைப் பேணுவது ஒன்று. நினைவகத்துப் பிழை நேர்ந்துளதா எனக் கூட்டிப் பார்ப்பது ஒன்று. கணினி மாறின் அடித்தளத்தை மாற்றினாற் போதும். மாடியில் வாழ்வார் பெயரவேண்டுவதில்லை. மேசைமேல் லினக்சில் ஓட்டிச் சோதித்த பணிநிரலையே விண்ணிலும் ஓட்டலாம்.

இவ்வைந்து தொண்டுகளுள் என் உள்ளத்தைக் கவர்ந்தது செய்தி சேர்க்கும் தொண்டே. அதனை ‘சாஃப்ட்வேர் பஸ்’ என்பர். யான் செய்திச்சாலை என்பேன். ஒரு பணிநிரல் மற்றொன்றை நேரே அழைப்பதில்லை. தான் கூறவேண்டியதை எண்ணிட்டுச் சாலையில் விடும். அவ்வெண்ணுடைய செய்தி தமக்கு வேண்டும் என முன்பே பதிந்துவைத்தவற்றிற்கெல்லாம் அது சென்றுசேரும். விடுத்தவர் யாரெனப் பெற்றவர் அறியவேண்டுவதில்லை. பெற்றவர் எத்துணையர் என விடுத்தவர் அறியவேண்டுவதும் இல்லை. நாளை ஒரு புதிய பணிநிரல் வந்து அதே செய்தியைக் கேட்பினும், பழையவற்றுள் ஓரெழுத்தையும் மாற்றவேண்டா.

செய்தியின் வடிவிற்கும் பொதுவிதி உண்டு. 1982-ஆம் ஆண்டில் உலகத்து விண்வெளி நிறுவனங்கள் கூடி, தரவு முறைகளை ஆராய்வதற்கு ஒரு குழு அமைத்தன. சி.சி.எஸ்.டி.எஸ். எனப்படும் அக்குழு வகுத்த விண்வெளிச் செய்திப்பொதிக்கு 6 பைட்டு அளவுள்ள முகப்பு உண்டு. அதன்கண் 11 பிட்டுகள் இது யாருடைய செய்தி என்பதைக் கூறும். 14 பிட்டுகள் எத்தனையாவது செய்தி என்பதைக் கூறும். 16 பிட்டுகள் நீளத்தைக் கூறும். அஞ்சலுறையின்மேல் முகவரி எழுதும் இடமும் முத்திரை ஒட்டும் இடமும் வரையறுக்கப்பட்டிருத்தல் போன்றது இது. உறையைப் பிரியாமலே அது சேரவேண்டிய இடத்தை அறியலாம்.

ஒரு கலத்தில் பல கணினிகள் இருப்பின் என்செய்வது? அதற்கும் வழி கண்டனர். ஒவ்வொரு கணினியிலும் உள்ள செய்திச்சாலையை அடுத்த கணினியின் செய்திச்சாலையோடு பாலமிட்டு இணைக்கும் பணிநிரல் ஒன்று உண்டு. அப்பாலம் அமைந்தபின், தான் கேட்கும் செய்தி பக்கத்து அறையிலிருந்து வருகின்றதோ பக்கத்து ஊரிலிருந்து வருகின்றதோ என்பதைப் பணிநிரல் அறியாது, அறியவும் வேண்டா. எனினும் ஓர் எச்சரிக்கை உண்டு. சில கணினிகள் ஓர் எண்ணின் பெரும்பகுதியை முதலிலும், சில சிறுபகுதியை முதலிலும் வைத்து எழுதும் வழக்கமுடையன. இவ்விரண்டும் உரையாடுங்கால் எழுதும் முறையை முன்பே ஒத்துக்கொள்ளாவிடின், ஒன்று எழுதியதை மற்றொன்று தலைகீழாய்ப் படிக்கும்.

இச்சட்டகத்தின் பயன் ஏட்டோடு நின்றதன்று. 2009-இல் ஏவப்பெற்று நிலவைச் சுற்றிய எல்.ஆர்.ஓ. கலம் இதன் நெஞ்சாகிய அடுக்கைக் கொண்டு சென்றது. 2013-இல் நிலவின் மெல்லிய வளியை ஆராயச் சென்ற லேடீ, 2014-இல் மழையை அளக்க ஏவப்பெற்ற ஜி.பி.எம்., 2015-இல் ஒருசேர ஏவப்பெற்ற எம்.எம்.எஸ். கலங்கள் நான்கு ஆகியவற்றிலும் இதுவே இயங்கிற்று. லேடீயை அமைத்தவர் காடர்டு மையத்தார் அல்லர். கலிபோர்னியாவிலுள்ள ஏம்ஸ் மையத்தார். ஓரூரார் எழுதியதை மற்றோரூரார் எடுத்தாண்டது, பிரித்துவைத்ததன் நன்மையைக் காட்டுகின்றது. அதே கலிபோர்னியாவிலுள்ள ஜெட் உந்தாய்வகத்தார் ‘எஃப் பிரைம்’ என்னும் பிறிதொரு சட்டகத்தை வகுத்தனர். அதன்கண் நிரல் பல கூறுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கூறிற்கும் வாயில்கள் உண்டு. ஒரே வகையான வாயில்களையன்றி வேறுபட்டவற்றை இணைக்க இயலாது. செவ்வாயில் 2021 ஏப்ரல் 19-ஆம் நாள் முதன்முதல் எழுந்து பறந்த இன்ஜெனுவிட்டி என்னும் சிறு ஹெலிகாப்டர் இச்சட்டகத்தாலேயே இயங்கிற்று. ஐந்து முறை பறப்பதற்கென அனுப்பப்பட்ட அது, 2024 ஜனவரி 18 வரை 72 முறை பறந்தது. இவ்விரு சட்டகங்களும் எவரும் விலையின்றி எடுத்தாளுமாறு இணையத்தில் வெளியிடப்பெற்றுள்ளன.

இவற்றையெல்லாம் யான் நூலகத்திற் கற்றேனல்லேன். என் தமையனாரிடம் கற்றேன். அவர் வேறொரு கல்லூரியிற் பொறியியல் பயில்பவர். அவரும் நண்பர் ஐவரும், தமக்கு முன் பயின்றோர் தொடங்கிவைத்த சிறு செயற்கைக்கோள் மாதிரி ஒன்றை இரண்டாண்டுகளாகச் செய்துவந்தனர். விண்ணுக்குச் செல்வதற்கன்று, மேசைமேல் இயங்கிக் காட்டுவதற்கு. அதன்கண் மூன்று சிறு கணினிகள்: ஒன்று மின்கலத்தைக் காக்கும், ஒன்று உணரிகளைப் படிக்கும், ஒன்று வானொலியை இயக்கும். முன்னோர் எழுதிய நிரல் சிக்குண்ட நூற்கண்டு போன்றிருந்தமையின், அவர்கள் சி.எஃப்.எஸ். சட்டகத்தைத் தழுவி, பழைய பகுதிகளைப் பணிநிரல்களாக்கி அதன்மேல் அமர்த்தினர். செய்திகள் செவ்வனே ஓடின. எண்கள் பிறழவில்லை, ஒன்றும் வழியில் தொலையவில்லை. ஆயினும் வானொலி மட்டும் வாய்திறக்கவில்லை.

ஆசிரியர்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டவேண்டிய நாளும் வந்தது. மாதிரி ஊமையாகவே இருந்தது. இரண்டாண்டு உழைப்பு ஒரு பிற்பகலிற் பயனற்றதுபோல் ஆயிற்று. ஐவருள் இளையவர் இத்தொழிலே தமக்கு வேண்டாவென்று கூறி விலகினார். என் தமையனார் அன்றிரவு தொலைபேசியில் பேசுங்கால், “தம்பி, அடிபட்டு உடைந்திருந்தாலும் மனம் ஆறும், எல்லாம் சரியாயிருந்தும் ஓடவில்லையே” என்றார். அவர் குரல் அங்ஙனம் தாழ்ந்ததை அதற்குமுன் யான் கேட்டதில்லை.

பின்னும் பதினொரு நாள் தேடிக் காரணத்தைக் கண்டார். மின்கலம் காக்கும் நிரல், மின்னழுத்தத்தை வோல்ட்டின் பத்தில் ஒரு பங்காக எண்ணி, 7.4 வோல்ட் என்பதை 74 என அனுப்பிற்று. வானொலி நிரலோ, வருவது வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு எனக் கொண்டு, 6,600-க்குக் குறைந்தால் மின்னைச் சேமிக்க வாய்மூடுக என எழுதப்பட்டிருந்தது. மின்கலம் நிறைந்திருந்தது, வானொலி அதனை வறியதென நம்பி மௌனம் காத்தது. முன்னதை எழுதியவர் படிப்பு முடிந்து சென்றுவிட்டார். பின்னதை எழுதியவரும் அங்கில்லை. இருவரும் தத்தம் அளவிற் பிழை செய்திலர் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

எழுத்துச் செம்மையாயிருந்தது, சொல்லும் செம்மையாயிருந்தது, பொருளே பிறழ்ந்தது. பொதுச் சட்டகம் 74 என்பதை உண்மையாகக் கொண்டுசேர்த்தது. அந்த எழுபத்து நான்கு எதனை எண்ணுகின்றது என்பதை அது எங்ஙனம் அறியும்? இஃது இளைஞர்தம் மேசையில் மட்டும் நிகழ்வதன்று. செவ்வாயை நோக்கிச் சென்ற கலமொன்று 1999 செப்டம்பர் 23-ஆம் நாள் அழிந்தமைக்கும், நிலவுலகத்து நிரலொன்று உந்துவிசையின் அளவைப் பவுண்டுக் கணக்கிற் கூற, பெற்றுக்கொண்டோர் அதனை நியூட்டன் கணக்கெனக் கொண்டதே காரணமாயிற்று.

பொதுமையினால் வரும் இடர் இன்னும் ஒன்றுண்டு. முன்னொரு கலத்திற் பழுதின்றி இயங்கியதை அவ்வண்ணமே புதிய கலத்தில் வைப்பதன் இடர் அது. 1996 ஜூன் 4-ஆம் நாள், தென்னமெரிக்காவின் குரூ தளத்திலிருந்து ஏரியேன் 5 என்னும் ஏவுகலம் முதன்முதல் எழுந்தது. அதன் திசையும் வேகமும் அறியும் கருவியின் நிரல், நன்கு பணியாற்றிய ஏரியேன் 4-இலிருந்து எடுக்கப்பட்டது. அதன்கண், கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஓர் அளவை 64 பிட்டு வடிவிலிருந்து 16 பிட்டு வடிவிற்கு மாற்றும் இடம் ஒன்று உண்டு. பதினாறு பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் 32,767. பழைய கலத்தில் அவ்வெல்லை கடக்கப்படுவதற்கு இடமில்லை. புதிய கலமோ, கிடைத்திசை வேகத்தை ஐந்து மடங்கு விரைவாகப் பெறுவது. முதன்மைப் பொறி மூட்டப்பட்டபின் 37 நொடி அளவில் எண் எல்லையைக் கடந்தது. கருவி தன் பணியை நிறுத்திற்று. காப்பாக வைத்த இரண்டாவது கருவியோ, நொடியின் பத்தில் ஒரு பங்கினும் குறைந்த கால அளவு முன்னரே, அதே காரணத்தால் நின்றுவிட்டிருந்தது. இரண்டிலும் இருந்தது ஒரே நிரலன்றோ? நின்ற கருவி அனுப்பிய பழுதுக் குறிப்பைத் தலைமைக் கணினி பறப்பின் அளவையென்று கருதிற்று; கருதி, பொறிகளின் வாயை முழுதும் திருப்பிற்று. ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் கலம் சிதைந்தது. அதனுடன் கிளஸ்டர் என்னும் ஆராய்ச்சிக் கலங்கள் நான்கும் அழிந்தன.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. அந்நிரற் பகுதி, கலம் தளத்தை விட்டு எழுந்தபின் ஏரியேன் 5-க்கு ஒரு பயனும் தராதது. பழைய கலத்தின் தேவைக்காகச் சிறிது நேரம் ஓடவிடப்பட்ட வழக்கம், காரணம் மறைந்தபின்னும் தொடர்ந்தது. கணிதப் பேரறிஞர் ழாக்-லூயி லயன்ஸ் தலைமையில் ஆராய்ந்த குழுவினர், எல்லை கடக்கக்கூடிய அளவைகள் ஏழு இருந்தன எனவும், கணினியின் சுமையைக் குறைப்பதற்காக நான்கிற்கு மட்டும் காப்பிட்டு மூன்றை விடுத்தனர் எனவும் கண்டனர். விடுத்தமைக்கு உரிய காரணம் நிரலினுள் எங்கும் குறிக்கப்படவில்லை என்பதையும் அக்குழு எடுத்துரைத்தது.

இதனைக் கேட்ட பொழுதே என் உள்ளத்தில் ஓர் ஒளி பிறந்தது. நிரல் நூல் போன்றது. சுருங்கிய சொற்களால் ஆயது. நூற்பாவை இயற்றியவர் உள்ளத்தில் இருந்த காரணமும், அவர் காலத்து வழக்கும், அவர் மனங்கொண்ட எல்லையும் நூற்பாவினுள் எழுதப்படுவதில்லை. அவற்றை நமக்கு எடுத்துத் தந்தவர் இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் முதலிய உரையாசிரியர்களே. ‘இது கூறியது எதன்பொருட்டு?’ என வினவி, ‘இன்ன இடத்து இது பொருந்தும், இன்ன இடத்துப் பொருந்தாது’ என விடை கூறுதலே அவர்தம் தொண்டு. உரை இல்லையேல் நூல் அழியாது. ஆனால் தவறாகப் படிக்கப்படும். ஏரியேன் 5-இன் நிரல் அழிந்த நூலன்று. உரை இழந்த நூல். எழுதியவர் ஓரிடத்தும், படித்தவர் வேறொரு கலத்தினும் இருந்தனர். இடையே நின்று, ‘இவ்வெண் இதற்குமேல் வளராது என்பது அக்கலத்திற்கே பொருந்தும்’ என்று கூறும் குரல் ஒன்றும் இல்லை.

இக்குறையைப் பொறியியலாரும் உணராதாரல்லர். மேற்கூறிய சி.சி.எஸ்.டி.எஸ். குழுவினர், ஒவ்வொரு கருவியும் தான் அனுப்பும் செய்தியின் வடிவம், அளவை, வரம்பு ஆகியவற்றைக் கணினியும் படிக்கத்தக்க முறையில் எழுதிவைக்கும் ‘மின்னணுத் தரவேடு’ ஒன்றை வகுத்துள்ளனர். அதனைக் கொண்டு, அனுப்புவோன் கூறும் அளவையும் பெறுவோன் எதிர்நோக்கும் அளவையும் ஒத்துளவா எனக் கலம் எழுவதற்கு முன்பே சோதிக்கலாம். ஐரோப்பியர் ‘சவுவார்’ என்னும் பெயரால், ஏவியானிக்ஸ் உறுப்புக்களுக்கிடையே திறந்த பொது இடைமுகங்களை வகுத்து வருகின்றனர். இவை உரைத்தொண்டின் ஒரு கூற்றை இயந்திரத்திடம் ஒப்படைப்பன எனலாம். எனினும் அளவையை இயந்திரம் ஒப்பிடும். காரணத்தை மனிதனே எழுதவேண்டும்.

சென்ற விடுமுறையில் என் தமையனார் தம் மாதிரியையும் நண்பர் மூவரையும் இல்லத்திற்கு அழைத்து வந்தார். “தம்பி, எங்களுக்கு நிரல் எழுதத் தெரியும், உரை எழுதத் தெரியாது. நீ கேள்வி கேள், நாங்கள் சொல்கிறோம், நீ எழுது” என்றார். திண்ணையில் ஒன்பது நாள் அமர்ந்தோம். செய்தி ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு, இதனை விடுப்பவர் யார், பெறுவோர் யார், எண்ணுவது எதனை, எவ்வளவையால், எதுவரை வளரும், எதனை நம்பி இவ்வெல்லை வைத்தீர் என்று வினவினேன். நாற்பத்தொரு செய்திகளுக்கும் தமிழில் உரை எழுதினோம். ஏழு இடங்களில் அவர்கள் ஒருவரை ஒருவர் நோக்கி விடையின்றி இருந்தனர். அவ்வேழனுள் இரண்டு, வானொலியை ஊமையாக்கியது போன்ற பிழைகளாகவே முடிந்தன. விலகிய இளையவர்க்கு அவ்வேட்டின் படியொன்று அனுப்பப்பட்டது. நான்காம் நாள் அவரும் வந்து திண்ணையில் அமர்ந்தார்.

என் தந்தையார், மூத்தவன் விண்ணுக்குப் போகிறான், இளையவன் ஏட்டுக்குப் போகிறான் என உறவினரிடம் கூறிப் பெருமூச்செறிபவர். கடைசி நாளில் அவர் அவ்வேட்டை எடுத்து, மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு, மின்கலத்தைப் பற்றிய பக்கத்தை முழுதும் படித்தார். “இது எனக்கே புரிகிறதே” என்றார். அதனினும் மிகையாக ஒன்றும் கூறினாரல்லர்.

தமிழ் பயிலும் நண்பர்களே! நம்முடைய கல்வி பழையதைப் போற்றுதற்கு மட்டும் உரியது என எண்ணற்க. காலத்தாலும் இடத்தாலும் பிரிந்த இருவரிடையே பொருள் சிதையாமற் செல்லுதற்கு வழி தேடுவதே இலக்கணக் கல்வி. அத்தேவை இயந்திரங்கள் பெருகப் பெருகத் தானும் பெருகும். பொறியியல் பயிலும் நண்பர்களே! பொதுச் சட்டகத்தை மகிழ்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள். அது பல்லோர் உழைப்பின் கொடை. ஆனால் ஏற்ற ஒவ்வொன்றன் அருகிலும், இஃது எதனை நம்பி நிற்கின்றது என்று ஒருவரியேனும் எழுதிவையுங்கள். வரும் ஆண்டில் என் தமையனாரும் நண்பரும் கல்லூரியை விட்டுச் செல்வர். அம்மேசையின் முன் அவரை அறியாத மாணவர் வந்து அமர்வர். அவர்கள் 74 என்னும் எண்ணைக் காணுங்கால், அஃது எதனை எண்ணுகின்றது என வினவ எவரையும் தேடிச் செல்லவேண்டுவதில்லை. ஏட்டைத் திறந்தாற் போதும்.